சமையலறை வாசலில் சிவப்புக் கோடு

அப்பா போய் எட்டாவது வாரம் அந்த வாக்கர் வீட்டுக்கு வந்தது. மருத்துவமனையின் நடைப்பயிற்சிப் பிரிவிலிருந்து பிசியோவே கூட வந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. நடக்கும்போது கழுத்தில் தொங்கும் சாவிக்கொத்தின் சத்தம் அவருக்கு முன்னால் வந்து சேரும். கூடத்தின் நடுவில் வாக்கரை நிறுத்தி, புது மருமகளை அறிமுகப்படுத்துவதுபோல் அம்மாவுக்குக் காட்டினார்.

"இது மத்த வண்டி மாதிரி இல்லம்மா. மத்ததுல பிடிய அழுத்தினா நிக்கும். இதுல அழுத்தினாத்தான் நகரும். விட்டா அங்கயே நின்னுடும். உங்க கால் உங்களக் கேக்காம ஓட ஆரம்பிச்சா, கைய எடுத்துடுங்க. போதும்."

"குழந்தைக்குத்தான் நடைவண்டி வாங்குவாங்க" என்றார் அம்மா. நடுக்குவாத நோய் வந்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பு தெரிவதில்லை. குரலும் தேய்ந்துபோய், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். நகைச்சுவையா கோபமா என்று பிசியோ ஒரு கணம் தடுமாறினார். எனக்குத் தெரியும், அது நகைச்சுவைதான்.

பிசியோ குனிந்து ஒரு பொத்தானை அழுத்தினார். வாக்கரின் அடியிலிருந்து சிவப்பு வெளிச்சம் தரையில் ஒரு கோடாக விழுந்தது. அம்மாவின் பாதங்களுக்கு ஒரு சாண் முன்னால், குறுக்காக.

"கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி ஆகுதுல்ல, அப்ப இந்தக் கோட்டப் பாருங்க. நடக்கணும்னு நினைக்காதீங்க. கோட்டத் தாண்டணும்னு நினைங்க."

எங்கள் வீட்டில் இது புதிய விஷயம் இல்லை. ஆறு வருடமாக அந்தக் கோடு அப்பாவின் கால்தான். அம்மாவின் கால் ஒட்டிக்கொண்டால் அப்பா பக்கத்தில் போய்த் தன் வலது காலை அவர் முன்னால் குறுக்கே நீட்டுவார். அம்மா அதைத் தாண்டுவார். தாண்டிவிட்டால் அடுத்தடுத்த அடிகள் தானாக வரும். அப்பா முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். காலை நீட்டிவிட்டு, "எக்ஸ்பிரஸ் கிளம்பலாம், ரைட்!" என்பார். ஆரம்பத்தில் அம்மா கூச்சப்பட்டார். "புருஷன் காலப் போய்த் தாண்டறதா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். "மிதிக்காம போனா சரி" என்பார் அப்பா.

அப்பா இறந்த பிறகு நானும் காலை நீட்டிப் பார்த்தேன். எனக்கு அந்த நேரம் பிடிபடவில்லை. ஒன்று முந்திவிடுவேன், இல்லை பிந்திவிடுவேன். இரண்டு முறை அம்மா என்மேலேயே சாய்ந்துவிட்டார். அதனால்தான் இந்த வாக்கர்.

கூடத்தில் அன்று அம்மா அழகாக நடந்தார். சிவப்புக் கோடு முன்னால் நகர, கால்கள் ஒவ்வொன்றாக உயர்ந்து தாண்டின. படுக்கையறை வரை போய்த் திரும்பினார். பிசியோவின் சாவிக்கொத்து சந்தோஷமாகக் குலுங்கியது. பிறகு சமையலறைப் பக்கம் போனார்கள். வாசலுக்கு ஒரு சாண் முன்னால் அம்மா நின்றார். கோடு வாசல்படி இருக்கவேண்டிய இடத்தில் சரியாகக் குறுக்கே கிடந்தது. அம்மா அதைப் பார்த்தார். கழுத்தில் வியர்வை பூத்தது. உதடுகள் அசைந்தன. பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். வாக்கர் கல்லாக நின்றது.

"வாசல்னா அப்படித்தான்" என்றார் பிசியோ. "குறுகலான இடம் வந்தாலே இவங்களுக்குக் கால் பூட்டிக்கும். பழகப் பழகச் சரியாயிடும்."

சரியாகவில்லை. மற்ற வாசல்களில் தயங்கித் தயங்கியாவது போய்விடுவார். சமையலறை வாசலில் மட்டும் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே வியர்வை, அதே முணுமுணுப்பு. என்ன சொல்கிறார் என்று ஒருநாள் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டேன்.

"மன்னிச்சுக்கங்க... மன்னிச்சுக்கங்க..."

"யாருகிட்டம்மா?"

அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "உன்கிட்டதான்டி. உனக்கு எவ்வளவு தொந்தரவு."

அம்மா என்னை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. கேட்டும் கேட்காததுபோல் விட்டுவிட்டேன்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். ஒரு டிகிரி தப்பினாலும் பார்க்கிறவருக்குத் தலைவலி வரும், அந்த மாதிரி வேலை. பதினைந்து வருடம் அதைச் செய்த கண்ணுக்குச் சின்ன மாற்றமும் உறுத்தும். அந்த வாரம் எனக்கு உறுத்தியவை இவை: அம்மா சமையலறைப் பக்கம் பார்க்கும்போது பார்வை எதிரே போவதில்லை, தரைக்குப் போகிறது. மதியம் தூங்கப் போகுமுன் சமையலறை விளக்கைப் போட்டு வைக்கச் சொல்கிறார். நான் உள்ளே போய் வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் என் பாதங்களைப் பார்க்கிறார். ஒருமுறை நான் வேகமாக உள்ளே நுழைந்தபோது, "பாத்து, பாத்து" என்று அவர் போட்ட சத்தம் அந்தத் தேய்ந்த குரலிலிருந்து எப்படி வந்தது என்றே தெரியவில்லை. கீழே பார்த்தேன். வெறும் தரை.

அதற்குப் பிறகு எனக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது கணுக்காலில் ஒரு குளிர்ச்சி தட்டத் தொடங்கியது. ஜன்னல் காற்று என்று சொல்லிக்கொண்டேன். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

அடுத்த வாரம் வாக்கரைத் துடைக்கும்போது, வெளிச்சம் வரும் துளையின்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. நடுங்கும் கையால் ஒட்டியதில் ஒரு பக்கம் மடிந்துபோயிருந்தது. சட்டைப் பொத்தானைப் போடவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் அம்மா, குனிந்து இதை ஒட்ட எவ்வளவு பாடுபட்டிருப்பார்.

"ஏம்மா இத ஒட்டின?"

அம்மாவின் பார்வை சமையலறைத் தரைக்குப் போனது.

"கோடு தெரியலன்னா எப்படி நடப்ப?"

"அது அவரு மேல விழுது" என்றார்.

"யாரு மேல?"

"உங்கப்பா மேல. அங்க படுத்திருக்காரு. கோடு சரியா அவரு இடுப்பு மேல விழுது. தாண்டு தாண்டுன்னா எப்படித் தாண்டுவேன்?"

மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் ஆச்சரியப்படவில்லை. இந்த நோய்க்கும் அதற்குத் தரும் மருந்துக்கும் இப்படிக் காட்சிகள் வருவது உண்டு என்றார். அம்மாவிடம் திரும்பி, "அவர் ஏதாவது பேசறாரா? பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"பயம் இல்ல டாக்டர்" என்றார் அம்மா. "வெக்கமா இருக்கு."

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஒரு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பத்து நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். குறைத்ததில் அம்மாவின் உடம்பு இன்னும் விறைத்தது; கட்டிலிலிருந்து எழவே என் இரண்டு கையும் வேண்டியிருந்தது. பத்தாவது நாள் கேட்டேன்.

"இப்ப அப்பா தெரியறாராம்மா?"

"தெரியல."

நான் பெருமூச்சு விட்டேன்.

"தெரியல" என்றார் மறுபடியும். "ஆனா இருக்காரு. முன்னாடியாவது எங்க தலை, எங்க காலுன்னு தெரியும். இப்ப அதுவும் தெரியாம எப்படிக் கால வைக்கறது?"

அன்று கடைக்கு விடுப்பு. மதியம் மூன்று மணி இருக்கும். அம்மா சாப்பாட்டு மேசை நாற்காலியில் சமையலறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, வாசலை மறைத்துக்கொண்டேன்.

"அம்மா, அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

எனக்குத் தெரிந்தவரை நடந்தது இதுதான். அன்று ஒன்றரை மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அப்பா சமையலறை வாசலில் குறுக்கே விழுந்து கிடந்தார். உடம்பு குளிர்ந்திருந்தது. அம்மா இந்த மேசைக்குப் பக்கத்தில், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தார். அப்போதுதான் படுக்கையறையிலிருந்து எழுந்து வந்து பார்த்திருப்பார், அதிர்ச்சியில் நிற்கிறார் என்று நினைத்தேன். அவர் விரல்களை நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தது நினைவிருக்கிறது. மருத்துவமனையில் மாரடைப்பு என்றார்கள். தூக்கத்தில் போவதுபோல நொடியில் போயிருப்பார் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அடுப்பில் தேநீர்ப் பாத்திரம் அடிமுதல் விளிம்புவரை கரியாகி, கைப்பிடி உருகிப்போயிருந்தது. ஒரு பாத்திரம் அப்படிக் கருக எவ்வளவு நேரம் ஆகும் என்று லென்ஸ் தேய்க்கிற எனக்கு அன்று கணக்குப் போடத் தோன்றவில்லை.

அம்மா மெதுவாகச் சொன்னார். நடுவில் நிறுத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"பதினோரு மணி மாத்திரை. நான் இங்க நின்னுட்டேன், கால் வரல. 'இரு, மாத்திரை எடுத்துட்டு வந்து எக்ஸ்பிரஸ்ஸ கிளப்பறேன்'னு உள்ள போனாரு. அடுப்புல டீக்குத் தண்ணி வச்சாரு. மாத்திரைய எடுத்துக்கிட்டுத் திரும்பினாரு. நெஞ்சப் பிடிச்சாரு. உக்காந்தாரு. அப்புறம் படுத்துட்டாரு. இவ்வளவுதான் தூரம். நீ இப்ப உக்காந்திருக்கியே, அவ்வளவுதான்."

"பதினோரு மணிக்கா?"

"அந்தக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். போன் உள்ள மேடை மேல. மாத்திரை அவரு கையில. போன் எடுக்கணும்னா அவரத் தாண்டணும். கத்தினேன். எனக்கே கேக்கல. மாடி வீட்டுல ஏதோ ட்ரில் போட்டுக்கிட்டு இருந்தாங்க."

நான் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"உடனே போகல அவரு" என்றார் அம்மா. "அரை மணி நேரம் முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு. பேச்சு வரல. என்னையே பாத்தாரு. நான் நிக்கறதப் பாத்தாரு. அவருக்குப் புரிஞ்சிடுச்சு, கால் ஒட்டிக்கிச்சுன்னு. அப்ப... படுத்த மேனிக்கே அந்த வலது கால நகர்த்தினாரு. கொஞ்சம் கொஞ்சமா. செருப்பு கழண்டுடுச்சு. எனக்கு முன்னாடி நீட்டணும்னு. நான் தாண்டி வரணும்னு."

"அம்மா..."

"கால் வந்துச்சு. இதோ, இந்த இடம் வரைக்கும் வந்துச்சு. நான்தான் தாண்டல."

அம்மா அழவில்லை. அந்த முகத்துக்கு அழவும் தெரியாமல் போய்விட்டது. கண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு இறங்கியது. நான் அப்போது அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. எழுந்துபோய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவினேன்.

இரண்டு நாள் தேவைக்குமேல் அவரிடம் பேசவில்லை. மாத்திரை கொடுத்தேன், சாப்பாடு கொடுத்தேன், குளிப்பாட்டினேன். பதினொன்றிலிருந்து ஒன்றரை. இரண்டரை மணி நேரம். மனசுக்குள் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மருத்துவருக்குப் போன் செய்து, உடனே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அன்று கடையில் ஒரு லென்ஸைத் தொண்ணூறு டிகிரி திருப்பித் தேய்த்துப் பாழாக்கினேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவை.

மூன்றாம் நாள் பிசியோ வந்தார். துளைமேல் பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டு வாசலுக்கு வெளியே படிக்கட்டுக்கு அவரை அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"ஒரே ஒரு அடிதான்க்கா. ஒரு அடி எடுத்து வச்சிருந்தா..."

பிசியோ சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டார், சத்தம் வராமல்.

"எங்க பயிற்சிக் கூடத்துல ஒரு நாள் மின்சாரப் பெட்டி பத்திக்கிச்சு. எல்லாரும் வெளிய ஓடினோம். ஒருத்தர் மட்டும் வாசல்ல நின்னுட்டாரு. அந்தக் காலத்துல பயில்வானா இருந்தவரு. பின்னாடி புகை, முன்னாடி நாங்க எல்லாம் நின்னு 'வாங்க, வாங்க'ன்னு கத்தறோம். வர முடியல. பதறப் பதறக் கால் இன்னும் பூட்டிக்கும். நாலு பேர் போய்த் தூக்கிட்டு வந்தோம். வெளிய உக்கார வச்சதும் முதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? 'நான் கோழையாம்மா?'ன்னு." உள்ளே அம்மா இருந்த பக்கம் கையைக் காட்டினார். "அன்னிக்கு அவங்களுக்கு மாத்திரை நேரம் வேற தாண்டிடுச்சு. உங்கம்மா இருந்த நிலைமையில வீடே இடிஞ்சாலும் நகர்ந்திருக்க முடியாது. மனசு எப்பவோ ஓடிப்போயிருக்கும். கால்தான் போகல."

உள்ளே வந்து வாக்கரின் வெளிச்சத்தை ஒரேயடியாக அணைத்தார். "கோடு எல்லாருக்கும் ஒத்து வராது" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்து அம்மாவின் இடுப்பில் மாட்டினார். டிக், டிக், டிக் என்று ஒரே சீராக ஒலித்தது. ஒரு டிக்குக்கு ஓர் அடி. தாண்ட எதுவும் இல்லை, கேட்டால் போதும். அம்மா கூடத்தில் நடந்தார். முதல் நாள் தடுமாற்றம், இரண்டாம் நாள் பரவாயில்லை, ஒரு வாரத்தில் வீடு முழுக்க அந்தச் சத்தம் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

சமையலறை வாசலில் மட்டும் டிக் தனியாக ஒலிக்கும். அடி விழாது.

ஒரு நாள் காலையில் நான் அந்த வாசலுக்கும் மேசைக்கும் நடுவே நின்று பார்த்தேன். அம்மா நின்ற இடம். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். எதிரே கடிகாரம். கீழே தரை. இருந்த இடத்தை விட்டு நகரக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு நிமிடம்கூடத் தாங்கவில்லை. முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. நான் ஓடிப்போய்க் கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று மாலையே கொத்தனாரை வரச் சொன்னேன். அவர் சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இது சும்மா தடுப்புதான். பாரம் தாங்கறதில்ல. எடுத்துடலாம். எடுத்தா வீடு நல்லா விசாலமா இருக்கும்."

அம்மாவுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. "சுவர இடிச்சா அவரு எங்க போவாரு?" என்றார்.

"தெரியலம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

இடித்த அன்று நானும் அம்மாவும் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு சம்மட்டி அடிக்கும் கட்டில் அதிர்ந்தது. கதவிடுக்கில் புழுதி புகுந்தது. அம்மாவின் தலைமேல் ஈரத் துண்டைப் போட்டேன்.

"எனக்கு ரெண்டு நாள் உன் மேல கோபம் இருந்துச்சும்மா" என்றேன்.

"தெரியும். நீ பாத்திரம் கழுவின சத்தத்துலயே தெரிஞ்சுச்சு."

அடுத்த சம்மட்டி அடி விழுந்தது.

"இப்ப?" என்றார் அம்மா.

"இப்ப இல்ல." பிறகு, "கொஞ்சம் இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார். துண்டுக்குள்ளிருந்து அவர் கை வந்து என் கையைத் தேடியது. வழக்கமான நடுக்கத்தோடு அது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை.

சுவர் போய், வாசலும் போனது. கூடமும் சமையலறையும் ஒன்றாகின. சுவர் இருந்த இடத்தில் புது சிமெண்ட் பூசியதில் தரையில் ஒரு கை அகலத்துக்குச் சாம்பல் பட்டை. அது காய்ந்த மறுநாள் அம்மா வாக்கரைப் பிடித்துக் கிளம்பினார். நான் கூடப் போகவில்லை. தள்ளி நின்று பார்த்தேன். டிக், டிக். மேசைவரை நேராகப் போனார். அங்கே நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. வாக்கரை வலப்பக்கம் திருப்பி, அகலமாக ஒரு வளைவு போட்டார். தூங்குகிற ஒருவரை எழுப்பிவிடாமல் சுற்றிக்கொண்டு போவதுபோல, பழைய வாசல் இருந்த இடத்தைச் சுற்றி அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு தன் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். பாதி சிந்தியது.

பிசியோ வந்து பார்த்து மகிழ்ந்துபோனார். "வளைஞ்சு போறதுதான் சரி. இவங்களுக்கு டக்குனு திரும்பினாத்தான் ஆபத்து. யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

நானும் அப்படித்தான் நடக்கிறேன் என்பது எனக்குத் தெரிய இன்னும் சில நாள் ஆனது. கையில் கொதிக்கும் பாத்திரத்தோடு வரும்போது நேர் வழியை விட்டுச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். அந்த மூன்றடி இடத்தில் நாங்கள் இருவரும் கால் வைப்பதில்லை. துடைப்பம்கூட ஓரமாகத்தான் போகும். மருந்தைப் பழைய அளவுக்கு ஏற்றவில்லை. அம்மாவுக்குக் காட்சிகள் எதுவும் வருவதில்லை. மருத்துவரிடம் கேட்டால் குணமாகிவிட்டது என்றுதான் சொல்வார்.

போன வாரம் ஃப்ரிட்ஜ் பழுதாகி, சரிசெய்ய ஒருவர் வந்தார். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்திலிருந்து நேராக நடந்தார். அம்மா எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். அந்த ஆளின் பூட்ஸ் அந்த இடத்தை நெருங்கியதும் அம்மாவின் கால் அப்படியே நின்றுவிட்டது. இடுப்புப் பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்தப் பக்கமா சுத்தி வாங்க" என்றேன்.

"ஏம்மா, தரை ஈரமா?"

"ஆமாண்ணே."

அவர் காய்ந்து கிடந்த தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சுற்றி வந்தார். அம்மா ஒரு டிக்கை விட்டு, அடுத்த டிக்குக்கு அடியெடுத்து வைத்தார்.